காவடிப் பட்டியலுக்கு எத்தனை நகல்?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. ரோஸ் ஹில் பக்கம் எங்கள் கோயிலில் கொடியேறியதும் பத்து நாள் விரதம் தொடங்கும். பெயர் கொடுக்க வருபவர்கள் கடைசி நாள்வரை வந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பதிவுக்குச் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன். ‘பக்தர்’ என்று ஒரு கிளாஸ் (தரவு வகை), அதன் பண்புகளைப் பெறும் வாரிசாகக் ‘காவடிக்காரர்’. சாப்பாட்டுச் சீட்டு அச்சிடும் பகுதி பக்தர் லிஸ்ட் கேட்டது; கையில் இருந்ததோ காவடிக்காரர் லிஸ்ட். அப்படியே நீட்டினால், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாங்காது. வாங்கினால், பால்செம்பு மட்டும் எடுப்பவரையும் யாராவது அதற்குள் சேர்த்துவிடலாமே.

வகை மாற்ற முதலில் கைக்கு வருவது கேஸ்ட் (ஒவ்வொன்றையும் கேட்ட வகையாகக் கொடுக்கும் கட்டளை), அதன் பின்னால் டூலிஸ்ட் (அவற்றைப் புது லிஸ்டாக்கும் கட்டளை). ஒரே வரி. ஆனால் புது லிஸ்ட் எத்தனை பெயர் வரும் என்று அறியாமல் நான்கு இடத்தில் தொடங்கி, எட்டு, பதினாறு என்று இரட்டித்து, 300 பெயருக்கு 512 இடம் பிடித்துவிடும். முழு எண்ணை லாங் (பெரிய முழு எண் வகை) ஆக்கவும் கேஸ்ட் உதவாது. ஓடும்போது பிழை எறியும். சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டின் 2.0 பதிப்புடன் 2005-இல் வந்த கன்வர்ட்ஆலும் ஒவ்வொன்றையும் மாற்றிப் புது லிஸ்ட்தான் தரும், ஆனால் இந்த வகையில் சிக்கனம்: எண்ணிக்கை தெரியுமாதலால் சரியாக 300 இடம் மட்டும் ஒதுக்கும். நான் அதைத்தான் போட்டேன். வேகத்தில் வித்தியாசம் எதையும் உணரவில்லை. லட்சக்கணக்கில் ஓட்டிப் பார்த்த அனுபவமும் எனக்கு இல்லை.

கன்வர்ட்ஆலை விட்டு என்னை மாற வைத்தது வேகம் அல்ல, நகல். ஏழாம் நாள் மாலை ஓர் அத்தை வந்து நின்றார். “தம்பி, என் மகன் பெயர் பதிவில் இருக்கிறது, சீட்டு மட்டும் வரவில்லையே?” காலையில் நிரலைத் திறந்தபோது எடுத்த நகலிலிருந்து சீட்டு அச்சாகிக்கொண்டிருந்தது, மதியம் சேர்ந்த பெயர் அதில் எப்படி வரும்? இதை நான் முன்பே பிடித்திருக்க வேண்டும். ஏமாற்றியது வேறொன்று: ஒரு பெயரின் எழுத்துப்பிழையைப் பதிவில் திருத்தினால் சீட்டிலும் உடனே திருந்தியது. நகலானது லிஸ்ட் மட்டும்தான். உள்ளே இருந்தவை அதே ஆப்ஜெக்டுகள், அதாவது ஒவ்வொருவருக்கும் உரிய அதே பதிவுகள். அதைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டேன்.

திருத்தம் ஒரு சொல். சீட்டு அச்சிடும் பகுதி லிஸ்ட் கேட்பதை விட்டு ஐஎனூமரபிள் (ஒவ்வொன்றாகப் படித்துச் செல்ல விடும் வகை) கேட்கும்படி மாற்றினேன். 2010-இல் வந்த சி ஷார்ப் 4-இலிருந்து காவடிக்காரர் லிஸ்டைப் பக்தர் ஐஎனூமரபிளாக அப்படியே கொடுக்கலாம். அதில் படிக்க மட்டுமே முடியும், எதையும் சேர்க்க முடியாது. கம்பைலரின் பயமும் தீர்ந்தது. நகல் இல்லை, கூடுதல் நினைவகம் இல்லை, பழசாகிப்போக எதுவும் இல்லை. எண்ணிக்கையும் வரிசை எண்ணும் வேண்டுமென்றால் ஐரீட்ஒன்லிலிஸ்ட் இருக்கிறது.

குறையும் உண்டு. ஸ்ட்ரக்ட், முழு எண் போன்ற, மதிப்பையே நேராக வைத்திருக்கும் மதிப்பு வகைகளுக்கு இந்த வழி திறக்காது. அச்சு ஓடும்போதே யாராவது பெயர் சேர்த்தால் நிரல் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் சீட்டு அச்சாகும்வரை பதிவுத் திரையைப் பூட்டி வைக்கிறேன். ஊர்வலக் காலையில் குருக்களிடம் கொடுக்கும் பட்டியலுக்கு மட்டும் இன்றும் கன்வர்ட்ஆல்தான். அதற்குப் பிறகு அதில் ஒரு பெயரும் நுழையக் கூடாது.