சென்டினல்-2 கொண்டு ஏரிப் பரப்பை அளப்பது: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

சென்டினல்-2 என்பது பூமியைப் படமெடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டம். இலவசம், 10 மீட்டர் பிக்சல், இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி எடுப்பதால் 5 நாளுக்கொரு படம். ஏரி, குளம், அணைகளின் நீர்ப்பரப்பைத் தொடர்ந்து பார்க்க இதுவே முதல் தேர்வு. 2015க்கு முன்னால் போக வேண்டுமானால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள். பிக்சல் 30 மீட்டர்.

கணக்கு எளிது. பச்சைப் பட்டையிலிருந்து (பி3) அண்மை அகச்சிவப்பை (பி8) கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் நீர்க் குறியீடு. அது ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தப் பிக்சல் நீர். கட்டடங்கள் சூழ்ந்த ஏரிக்கு பி8-ஐ விட பி11 (குற்றலை அகச்சிவப்பு) நல்லது, ஆனால் அது 20 மீட்டர். சின்னக் குளத்தில் இது பெரிய அடி. 100 மீட்டர் சதுரக் குளத்துக்கு 10 மீட்டரில் 100 பிக்சல், அதில் 36 கரையோரம். 20 மீட்டரில் 25 பிக்சல், 16 கரையோரம். கரைப் பிக்சலில் நீரும் மண்ணும் கலந்தே இருக்கும்.

பலரும் சறுக்கும் இடம் வேறு. 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பச்சை 600, அகச்சிவப்பு 300 என்றால் குறியீடு 0.33. 1000-ஐக் கழிக்க மறந்தால் 1600, 1300, குறியீடு 0.10. வரம்பை 0.2 என்று வைத்திருந்தால் நிறைந்த ஏரி ஒரே நாளில் 'வற்றிவிடும்'. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில், இந்த 1000-ஐ ஏற்கெனவே சரிசெய்த 'ஹார்மனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வரம்பை ஓட்சு முறையில் (பிக்சல் மதிப்புகளை இரண்டு குழுவாகப் பிரிக்கும் கணக்கு) தானாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் படம் முழுக்கக் கொடுத்தால் நீர் துளியூண்டாகி வரம்பு எங்கோ போய் நிற்கும். ஏரியைச் சுற்றிச் சில நூறு மீட்டர் மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

படத்தோடு வரும் மேக விழுக்காட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அது 110 கிலோமீட்டர் சதுரத்துக்கானது. ஏரிக்கு மேல் எவ்வளவு என்று தனியே எண்ண வேண்டும். மேக நிழல் நீராகவும், கருத்த நீர் நிழலாகவும் வகைப்படுவது வாடிக்கை.

ஆகாயத்தாமரை படர்ந்தால் நீர் இருந்தும் பரப்பு சுருங்கியதாகக் காட்டும். பி8, பி4 (சிவப்பு), பி3 மூன்றையும் முறையே சிவப்பு, பச்சை, நீலமாக வைத்துப் பார்த்தால் செடி சிவப்பாகத் தெரியும். அந்தத் தேதிகளுக்குக் குறி போட்டு வையுங்கள். ரேடாரும் இங்கே கைகொடுக்காது, செடி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 மழைக்கால மேகத்துக்குத்தான். அதில் அமைதியான நீர் கருப்பாகத் தெரியும், ஆனால் காற்றடித்த நாளில் அலையெழும் நீர் நிலம் போல வெளுத்துவிடும். ரேடார் அலையின் முனைவாக்க வகைகளில், விவி-யை விட (செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகப் பெறுவது) விஎச்-சில் (செங்குத்தாக அனுப்பிக் கிடைமட்டமாகப் பெறுவது) இது குறைவு.