பைக் டயர் வாங்குகிறவர்கள் கவரைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்

ராமநாதபுரத்தில் பைக் டயர் வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு டயரைக் காட்டிவிட்டு வேறொரு டயரைக் கட்டிக் கொடுக்கிற வேலை நடக்கிறது. என் ஸ்ப்ளெண்டருக்குப் பின் டயர் வாங்கப் போய் ஏமாந்தேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

வண்டி பழைய மாடல், ஸ்போக்ஸ் ரிம், முன்னும் பின்னும் 2.75-18. அளவு ஒன்றுதான் என்றாலும் இரண்டும் ஒரே டயர் இல்லை. முன் டயரில் 42P, பின் டயரில் 48P என்று போட்டிருக்கும். 42 என்றால் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. P என்பது வேகத்துக்கு, மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. நான் மண்டபத்தில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியோடு உச்சிப்புளி, ராமநாதபுரம் என்று ஓடுகிறவன், பின்னாடி எப்போதும் பாரம் இருக்கும், அதனால் 48-க்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்தேன், இருசக்கர வண்டி டயருக்கான எண் 15627. அப்புறம் தேதி. பக்கவாட்டில் நான்கு இலக்கம் சின்னதாக இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். எனக்குக் காட்டிய டயரில் 3824, அதாவது 2024-ம் வருடம் 38-வது வாரம். அதை போட்டோ எடுத்து, இந்த கம்பெனி பரவாயில்லையா என்று கேட்டு மச்சானுக்கு அனுப்பினேன். நல்லவேளை அனுப்பினேன்.

பணம் கொடுக்கும்போதுதான் கடைக்காரர் சொன்னார், "தம்பி, இது டிஸ்ப்ளே பீஸு, வெயில்ல தொங்குனது. குடோன்ல இதே லாட்டுல புதுசு இருக்கு, பையன எடுத்துட்டு வரச் சொல்றேன்." நம் நல்லதுக்குச் சொல்கிற மாதிரிதானே இருக்கிறது? பையன் கவர் சுற்றிய டயரைக் கொண்டுவந்து வண்டியில் வைத்துக் கட்டியே விட்டான். நாங்களே மாட்டித் தருகிறோம், கூலி வேண்டாம் என்றார்கள். வேண்டாம், வீட்டில் நானே மாட்டிக்கொள்வேன் என்றதும் அவர் முகம் மாறியதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாட்டுகிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் பழியை அதன் மேல்தான் போட்டார்கள். நம் பக்கம் உப்புக்காற்றில் ஆக்ஸில் நட்டு துரு ஏறிப் பிடித்துக்கொள்ளும், முதல் நாள் ராத்திரியே துரு எடுக்கிற ஆயிலை அடித்து ஊறவிட்டேன். வீலைக் கழற்றி, பழைய டயரை எடுத்து, ரிம்மின் உட்புறத் துருவைத் தேய்த்து, ஸ்போக்ஸ் முனை ட்யூபைக் குத்தாமல் இருக்க ரிம் டேப்பும் புதிதாகச் சுற்றினேன். டயரில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிற திசையில் அது இருக்க வேண்டும். ட்யூபில் கொஞ்சமாகக் காற்று அடித்து உள்ளே வைத்தால் டயரை நெம்புகிற லிவரில் மாட்டிக் கிழியாது. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி (கிரீஸ், ஆயில் கூடவே கூடாது), காற்றடிக்கிற வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, ஏறின பக்கத்தை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்து, வால்வு பக்கத்தில் முடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் கடைசியில் லிவரைப் போட்டு முரட்டுத்தனமாக நெம்பத் தேவை இருக்காது. இந்த டயர் வளையவே மாட்டேன் என்றது. பாரம் தாங்குகிற டயர், பிளை (உள்ளே இருக்கிற நூல் அடுக்கு) அதிகம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் எல்லாம் கறுப்பு பாலிஷ் கரைந்து கையில் ஒட்டியது.

காற்று நிரப்பியதும் ரிம் ஓரத்தில் டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரியும், அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. செயின் தளர்வு, பிரேக் கம்பி எல்லாம் சரிபார்த்து, வண்டியில் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காற்று வைத்து எடுத்தேன்.

புது டயர் மேல்தோல் வழுக்கும், முதலில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், வளைவில் படுக்கக் கூடாது, பிரேக்கைச் சட்டென்று அமுக்கக் கூடாது. அப்படித்தான் ஓட்டினேன். உச்சிப்புளி தாண்டி மண்டபம் ரோட்டில் ஐம்பதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் தட் தட் என்று ஒரு தூக்கல், வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. பாம்பன் பாலத்து இணைப்புகளில் எந்த வண்டியும் குலுங்கும், அது வேறு. இது நல்ல ரோட்டில், சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி அதன் முனை டயரை உரசுகிற மாதிரி வைத்து வீலைச் சுற்றினேன். ஒரே இடத்தில் டயர் கம்பியை விட்டு விலகி மறுபடி வந்து உரசியது. கம்பியை ரிம்முக்கு மாற்றி வைத்தேன், ரிம் ஆடவில்லை. காற்றை முழுக்க இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டு உட்கார வைத்தும் அதே கதை. சரி என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு செயின் பக்கம் தரையில் படுத்துப் பார்த்தேன். தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் போட்டிருப்பார்கள், அம்புக்குறிப்படி மாட்டியதில் அந்தப் பக்கம் செயினை ஒட்டிப் போயிருந்தது. 1119. 2019-ம் வருடம் 11-வது வாரம்! பாலிஷ் போன இடத்தில், பள்ளங்களின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. நகத்தால் அமுக்கினால் ரப்பர் அமுங்கவே இல்லை. வருடக்கணக்கில் கொக்கியில் தொங்கியோ அடுக்கின் அடியில் நசுங்கியோ கிடந்தால் டயர் வட்டம் கெடும், வெயிலும் சூடும் சேர்ந்து ரப்பர் இறுகிப்போகும். இறுகின ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. அரிச்சல்முனை ரோட்டில் காற்று மணலை வாரி வந்து போட்டிருக்கிற இடத்தில் இந்த டயரோடு பிரேக் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"நீங்களே லிவர் போட்டு மாட்டியிருக்கீங்க தம்பி, கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான்."

"லிவர் போட்டா தேதி மாறுமாண்ணே?"

"தேதில என்ன இருக்கு, ரப்பர் என்ன பாலா, கெட்டுப்போறதுக்கு?"

போட்டோவைக் காட்டினால், அது வேற டயரு தம்பி என்கிறார். அட, அதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்! பில்லில் அளவும் விலையும் மட்டும்தான் இருக்கிறது, டயர் நம்பர் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறார். போட்டோவில் நேரமும் தேதியும் இருப்பது அவருக்குத் தோன்றவில்லை போல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். இதில் தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, அதனால் சின்னத் தொகைக்கு யார் அலைவது என்று நீங்களும் விட்டுவிட வேண்டாம். அவர்கள் கொடுத்த அந்த டயரையும் கவரையும் தூக்கிப் போடவில்லை, அவைதான் சாட்சி.

வேறு கடையில் இன்னொரு டயர் வாங்கி மாட்டிவிட்டேன். கல்லா மேலேயே கவரைப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தேன், தேதியையும் டயர் நம்பரையும் பில்லில் பேனாவால் எழுதித் தரச் சொன்னேன். அந்த அண்ணன் கொஞ்சம் முணுமுணுத்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார். அதே ரிம், அதே கை, அதே லிவர், இப்போது எந்த ஆட்டமும் இல்லை.

சமீபத்தில் நம் ஊரில் டயர் மாற்றியவர்கள், முக்கியமாகக் கடையிலேயே இலவசமாக மாட்டிக்கொண்டவர்கள், இன்றைக்கே டார்ச் அடித்துச் செயின் பக்கமும் பார்த்துவிடுங்கள். பழைய தேதி இருந்தால் போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொண்டு 1915-க்குக் கூப்பிடுங்கள். என் புகாருக்கு என்ன பதில் வந்தாலும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.