முன்னாள் கணவரின் கடன்: வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதுவதா, வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்குவதா?

விவாகரத்து ஆகி எட்டாவது மாதம் என் தங்கைக்கு வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. முன்னாள் கணவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு அவள்தான் ஜாமீன். கல்யாணமான புதிதில், பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

கையெழுத்தே போடாதவர்கள் கலங்க வேண்டாம். கணவர் தனியாக வாங்கிய கடனுக்கு மனைவியின் சொந்தச் சொத்து பொறுப்பாகாது. தவறாக ஜப்தி செய்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 58இன் கீழ் ஆட்சேபிக்கலாம். ஜாமீன் போட்டவர்கள் நிலை வேறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, கடனாளிக்கு உள்ள அதே பொறுப்பை ஜாமீன்தாரருக்கும் வைக்கிறது. "முதலில் அவரிடம் வசூலியுங்கள்" என்று வங்கியிடம் சொல்ல முடியாது; 1969இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

"வீட்டை உடனே தம்பி பெயருக்கு எழுதிவிடம்மா" என்றார் மாமா. எல்லாக் குடும்பத்திலும் முதலில் வரும் யோசனை இதுதான். எனக்கு இதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. கடன் கொடுத்தவரை ஏமாற்றவோ இழுத்தடிக்கவோ செய்த மாற்றம் என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி வங்கி அதை ரத்து செய்யக் கோரலாம். நோட்டீஸ் தேதிக்குப் பிறகு பதிவான செட்டில்மென்ட், வில்லங்கச் சான்றில் பளிச்சென்று தெரியும். பத்திரம் நிலைத்தாலும் வீடு தம்பியுடையது. நாளை அவன் கடன்பட்டால் அதற்கும் அந்த வீடுதான் ஈடு கொடுக்க வேண்டும்.

விவாகரத்து மனுவில் "கடனை நானே அடைப்பேன்" என்று கணவர் எழுதித் தருவது இன்னொரு வழி. அது அவரை மட்டுமே கட்டும்; வங்கி அதில் கையெழுத்திடவில்லை.

நான் நம்புவது, ஜாமீனிலிருந்து விடுவித்துவிட்டதாக வங்கி எழுதித் தரும் விடுவிப்புக் கடிதத்தைத்தான். மாற்று ஜாமீனோ கூடுதல் ஈடோ கொடுத்தால்தான் வங்கி இறங்கிவரும். அதற்குக் கணவரின் ஒத்துழைப்பு வேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பொதுவாக ஆறு மாதம் இருக்கிறது. அவருக்கு உங்கள் சம்மதம் தேவைப்படும் காலம் அது. கடிதம் கைக்கு வந்த பிறகு இரண்டாவது மனுவில் கையெழுத்திடுங்கள். என் தங்கைக்கு அப்போது இதைச் சொல்ல ஆளில்லை.

ஓவர்டிராஃப்ட் போன்ற தொடர் கடன் என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி இனி எடுக்கும் பணத்துக்கு ஜாமீன் இல்லை என்று நோட்டீஸ் கொடுக்கலாம். ஏற்கெனவே எடுத்த பணத்துக்கு அது உதவாது. ஜாமீன் பத்திரத்தில் இதற்கு மாறான நிபந்தனை இருக்கக்கூடும். நகலைக் கேட்டு வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பிஎஃப் இருப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றை நீதிமன்ற ஜப்தி தொடாது.

தங்கை கடைசியில் வங்கியுடன் சமரசம் பேசி, தவணை முறையில் கட்டி முடித்தாள். கட்டிய தொகையை முன்னாள் கணவரிடம் வசூலிக்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆவது பிரிவின் கீழ் வழக்குப் போட்டிருக்கிறாள். வீடு இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது.