ஹோம் பார்ட்டிஷனைத் தனியாக வைத்து லினக்ஸ் மின்ட்: சில வருட அனுபவம்

லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் 20ஆம் பதிப்புக் காலத்திலிருந்து என் மடிக்கணினியில் ஹோம் பகுதி, அதாவது நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம், தனிப் பார்ட்டிஷனில்தான் (டிஸ்க்கில் பிரித்து வைத்த தனிப் பகுதி) இருக்கிறது. 2022இல் 21, 2024இல் 22 வந்தபோது, அப்கிரேடு செய்யாமல் புதிதாகவே நிறுவினேன். படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. விண்டோஸில் ரீசெட் செய்யும்போது 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் கோப்புகள் தங்கும், ஆனால் நாம் போட்ட மென்பொருள்களோடு அவற்றின் அமைப்புகளும் பெரும்பாலும் போய்விடும். இங்கே அமைப்புகளும் ஹோமுக்குள்ளேயே மறைகோப்புகளாக இருப்பதால், மென்பொருளைத் திரும்ப நிறுவியதும் பழைய நிலையிலேயே திறக்கிறது. எனக்கு இதுதான் பெரிய லாபம்.

செய்முறை எளிது, ஒரே ஒரு திரையில் மட்டும் நிதானம் வேண்டும். நிறுவும்போது 'சம்திங் எல்ஸ்' தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷன் பட்டியல் வரும். இயங்குதளம் உட்காரும் ரூட் பார்ட்டிஷனுக்கு ஃபார்மட் (முழுதாக அழிப்பது) டிக் போட வேண்டும். ஹோமுக்கு மவுன்ட் பாயின்ட்டை (/home என்ற முகவரி) மட்டும் காட்டிவிட்டு, ஃபார்மட் டிக் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எது எது என்று குழம்பாமல் இருக்க இரண்டையும் வெவ்வேறு அளவில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் விண்டோஸும் இருந்தால் கணினி துவங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவே கூடாது. அப்புறம், பயனர் பெயரைப் பழையபடியே கொடுங்கள். முதல் பயனருக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும் என்பதால் கோப்புகளின் உரிமையும் தானாகப் பொருந்திவிடும்.

நிறுவியதும் ஃபயர்ஃபாக்ஸைத் திறக்க அவசரப்படாதீர்கள். ஐஎஸ்ஓவில் (நிறுவப் பயன்படுத்தும் கோப்பு) இருக்கும் பதிப்பு நீங்கள் கடைசியாகப் பயன்படுத்தியதைவிடப் பழையதாக இருந்தால், கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் இருக்கும் பழைய புரொஃபைலைத் திறக்க மறுத்து, புதிது உருவாக்கச் சொல்லும். பார்க்கும்போது எல்லாமே போய்விட்டது போல மனது பதறும். முதலில் அப்டேட் கொடுத்துவிட்டு அப்புறம் திறந்தால் எல்லாம் இருக்கும்.

ரூட்டுக்கு எவ்வளவு இடம்? 256 ஜிபி எஸ்எஸ்டியில் 60 ஜிபிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள் என்பேன். பிளாட்பேக் என்ற தொகுப்பு வடிவில் வரும் மென்பொருள்கள் வழக்கமாக ரூட்டில்தான் இறங்கும், டைம்ஷிஃப்ட் என்ற கருவி எடுக்கும் ஸ்னாப்ஷாட்களும் (இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பிரதிகள்) பெரும்பாலும் அங்கேதான் சேரும். அந்த ஸ்னாப்ஷாட்களில் உங்கள் ஹோம் கோப்புகள் இயல்பாகச் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். டிஸ்க்கே பழுதானால் இரண்டு பார்ட்டிஷனும் சேர்ந்துதான் போகும், அதனால் ஒவ்வொரு முறையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்த பிறகே பென்டிரைவைச் செருகுகிறேன்.

ஹோமுக்கு வெளியே இருப்பவை எல்லாம் அழியும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் வைத்திருப்பவர்கள் தரவுத்தளத்தை முன்கூட்டியே டம்ப் (ஒரு கோப்பாகப் பிரதி) எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது ரூட்டில் உள்ள வார் (/var) கோப்புறையில் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களை எல்லோருக்கும் பொதுவான ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டிருந்தால் அவையும் போகும். ஹோமுக்குள் லோக்கல் என்ற மறைகோப்புறையில் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ் (.local/share/fonts) என்று வைத்தால் தங்கும். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். நிறுவி, ஒருமுறை லாகவுட் செய்து உள்ளே வந்தால் தட்டச்சு செய்யலாம்.