சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகவா, இறங்கி ஏறியா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். நடுவில் எங்காவது இறங்கி ஏறினால் தூரம் கூடும்தான், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. டோக்கியோ வழி சுமார் 16,200, பிராங்பர்ட் வழி 16,500, துபாய் வழி 16,900. இருப்பதிலேயே பெரிய சுற்றுக்கும் பத்து சதவீதம்தான் கூடுதல். நேரத்தைத் தின்பது தூரம் அல்ல, தரையில் கழிகிற மணி நேரங்கள்.

நேர் விமானம் பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இறங்கி ஏறினால் குறைந்தது இருபத்து மூன்று, இருபத்து நான்கு. ஐந்து மணி நேரம் மிச்சம் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் ஓட்டுகிற ஏ350-900 யுஎல்ஆர் என்கிற, மிக நெடுந்தூரத்துக்கான ஏர்பஸ் விமான ரகம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்தப் பாரத்தோடு ஆட்களை அடைக்க முடியாது. மொத்தமே 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி அறவே கிடையாது. ஆக, எகானமி டிக்கெட் தேடுகிறவருக்கு இந்த விமானம் போட்டியிலேயே இல்லை.

பிராங்பர்ட் வழியில் அதே நிறுவனம், ஒரே விமான எண், எகானமியும் உண்டு. போகும்போது பதின்மூன்று மணி நேரம், அப்புறம் எட்டரை. நடுவில் கைப்பையோடு எல்லோரும் இறங்கி, பாதுகாப்புச் சோதனையை இன்னொரு முறை முடித்துத்தான் ஏற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைப்பது எரிச்சல்தான். ஆனாலும் கால் நீட்டி நடக்கக் கிடைக்கிறதே!

துபாய் வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில் ஏழரை மணி நேரம், பிறகு காற்றை எதிர்த்துப் பதினான்கு. நேரம் தோதாக அமைந்தால் பார்க்கலாம், அவ்வளவுதான்.

காற்று என்றேன் இல்லையா? இந்தப் பயணத்தில் பலர் கணக்கில் எடுக்காதது அதைத்தான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதனால்தான் டோக்கியோவிலிருந்து நியூயார்க் போகப் பதின்மூன்று மணி நேரம் போதும், திரும்பி வரப் பதினான்குக்கு மேல் ஆகும். நியூயார்க்–பிராங்பர்ட் ஏழரை மணி நேரம்தான், எதிர்த்திசையில் எட்டரை. நேர் விமானமும் அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்தே பாதையை மாற்றிக்கொள்கிறது.

எகானமியில் போகிறவருக்கு என் தேர்வு இது: போகும்போது டோக்கியோ, வரும்போது பிராங்பர்ட். இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறப்பதால் காற்று முதுகில் தள்ளும், உலகையே ஒரு சுற்று சுற்றி வந்ததாகவும் ஆகும். கட்டணம் ஒத்துவர வேண்டும், அது தனிக் கதை. பிரீமியம் எகானமிக்குச் செலவழிக்க முடிந்தவர் யோசிக்காமல் நேர் விமானத்தையே எடுக்கலாம். பத்தொன்பது மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முதுகு இடம் தர வேண்டும், அவ்வளவுதான்.

நேர வித்தியாசம் எந்த வழியில் போனாலும் ஒன்றுதான்: கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13. கோடையில் கைக்கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம். பகல் இரவாகிவிடும், அவ்வளவே.

டோக்கியோ வழியில் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நரிதா, ஹனேடா என்று அங்கே இரண்டு விமான நிலையங்கள்; ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்குவதும் ஏறுவதும் ஒரே நிலையத்தில்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.