ரூம் வாடகை வரம்பா, கோ-பேவா?

அப்பாவுக்கு 5 லட்சத்துக்கு மெடிக்கல் பாலிசி தேடி, கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். முதலாவதில் கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) கிடையாது, ஆனால் ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்தான். இரண்டாவதில் ரூமுக்கு வரம்பில்லை, ஆனால் எந்த கிளெய்மிலும் 20 சதவீதம் நாம் கட்டணும். பிரீமியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏஜென்ட் முதலாவதையே பிடித்துக்கொண்டார், "கைக்காசு போகாது சார்" என்று.

போகும். 8,000 ரூபாய் ரூம் எடுத்தால் மேலே உள்ள 3,000-ஐ மட்டும் கட்டிவிட்டு வரலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாலிசியைப் படித்தால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்குதான் தருவார்களாம். மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் மட்டும் இதில் தப்பிக்கும். ரூமுக்கு ஏற்ப சார்ஜை மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் இப்படி வெட்டக் கூடாது, ஆனால் அப்படி ஒன்றைத் தேடிப் பிடிக்கணும்.

ஒரு கணக்கு போட்டேன். 4 நாள் ரூம் 32,000, டாக்டர், தியேட்டர் வகையில் 1,60,000, மருந்து மாத்திரை 60,000, ஆக மொத்தம் 2,52,000. முதல் பாலிசியில் வருவது 20,000 + 1,00,000 + 60,000. மீதி 72,000 நம் தலையில். கோ-பே பாலிசியில் 50,400.

ஷேரிங் ரூமில் இருந்துகொள்வேன் என்பவருக்கு முதலாவதுதான் லாபம், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலி என்று ஓடும்போது அட்மிஷன் கவுன்டரில் "8,000 ரூம் ஒன்றுதான் காலி" என்றால் யார் பேரம் பேசுவது? கோ-பே என்றால் ஐந்தில் ஒரு பங்கு என்று முன்பே தெரியும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் எடுத்தேன்.

பிரீமியத்தை மாதத் தவணையில் கட்டலாமா என்றும் பார்த்தேன். தவணை தவறினால் 15 நாள்தான் அவகாசம், வருடக் கட்டணத்துக்கு 30 நாள். நடுவில் கிளெய்ம் வந்தால் மீதித் தவணை மொத்தத்தையும் கிளெய்ம் பணத்திலேயே பிடித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அப்புறம் என்ன, போனஸ் வந்த மாதமே ஒரே தடவையாகக் கட்டிவிட்டேன்.