கழற்ற முடியாத கட்டா, கழற்றக்கூடிய பூட்ஸா? சர்க்கரை நோய்க் கால்புண்ணில் சிகிச்சை நழுவும் இடம்

சர்க்கரை நோயால் உள்ளங்காலில் புண் வந்தவர்களில் பலர், டிரஸ்ஸிங் மாற்றும் நாளைத் தவறவிடுவதில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையையும் வேளைக்கு விழுங்குகிறார்கள். ஆனால் புண்ணின் மீது உடல் எடை விழாமல் தடுக்கக் கொடுக்கப்படும் சாதனத்தை மட்டும் வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மருந்தும் டிரஸ்ஸிங்கும் வைத்தியமாகத் தெரிகின்றன, பூட்ஸ் வெறும் செருப்பாகத் தெரிகிறது என்பது இதற்கு ஒரு காரணம். உண்மையில், உணர்வு மரத்துப்போன பாதத்தில் வரும் புண்ணை ஆற்றுவதில் பெரும்பங்கு அந்தச் சாதனத்துக்கே உரியது. ஆகவே எந்தச் சாதனம் சிறந்தது என்ற கேள்வியை, எதை நோயாளி உண்மையில் அணிந்திருப்பார் என்ற கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

முதல் தேர்வு, முழங்காலுக்குக் கீழிருந்து விரல்கள் வரை காலோடு ஒட்டி மாவுக்கட்டுப் போலப் போடப்படும், கழற்ற முடியாத கட்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்குப் பயன்பட்டு, பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்த முறை இது. பாதத்தின் ஒரே புள்ளியில் குவியும் அழுத்தத்தைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்குமாக இது பகிர்ந்துவிடுகிறது. இரண்டாவது, அதே உயரத்தில் பட்டைகளால் இறுக்கிக் கட்டும், கழற்றி மாட்டக்கூடிய வாக்கர் பூட்ஸ். மூன்றாவது, பாதத்தின் ஒரு பகுதியை மட்டும் தாங்கும் அரைக்காலணி. இம்மூன்றையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் புண் ஆறியவர்கள் கட்டுப் போட்டோரில் ஏறத்தாழ 90 சதவீதம், வாக்கர் அணிந்தோரில் 65 சதவீதம், அரைக்காலணி அணிந்தோரில் 58 சதவீதம்.

வாக்கருக்கும் கட்டுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி ஏன்? அழுத்தத்தைக் குறைக்கும் திறனில் நல்ல வாக்கர் அவ்வளவு பின்தங்கியதன்று. விடை 2003இல் கிடைத்தது: இருபது பேரின் இடுப்பிலும் வாக்கரிலும் அடிகளை எண்ணும் கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அவர்களின் அன்றாட நடமாட்டத்தில் 28 சதவீதம் மட்டுமே வாக்கரோடு நடந்திருந்தது. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. ஒரே வகை வாக்கரை இரு குழுவினருக்கும் கொடுத்து, ஒரு குழுவினருக்கு மட்டும் அதன்மேல் கட்டு நாடாவைச் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்தார்கள். 12 வாரங்களில் அவர்களில் சுமார் 83 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. கழற்றக்கூடிய வாக்கர் அணிந்தோரில் சுமார் 52 சதவீதத்தினருக்கே ஆறியது. சாதனம் ஒன்றே, அதைக் கழற்ற முடியுமா முடியாதா என்பதில் மட்டுமே வேறுபாடு இருந்தது.

இதை வைத்து நோயாளியை அலட்சியக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளங்காலில் திறந்த புண்ணோடு நாம் நடக்காமலிருப்பது கட்டுப்பாட்டினால் அன்று, வலியினால். அந்த வலி இல்லாதவரிடம், வலி இருப்பதுபோல் இருபத்துநான்கு மணிநேரமும் நடந்துகொள்ளச் சொல்கிறோம். 2016இல் வெளியான ஆய்வொன்றில், நரம்பு வலி அதிகம் உள்ளவர்களும் புண் பெரிதாக இருந்தவர்களும் சாதனத்தைக் கூடுதலாக அணிந்திருந்தது இதற்குப் பொருந்துகிறது. அதே ஆய்வில், அணியாமல் விடுவதோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்த காரணம் நிற்கும்போது ஏற்படும் தடுமாற்றம். வாக்கரின் அடிப்பாகம் தடிமனானது. ஒரு கால் உயர்ந்து, மறு கால் தாழ்ந்து, இடுப்பு ஒருபுறம் சாய்கிறது. ஏற்கெனவே பாதத்தில் உணர்வில்லாமல் தள்ளாடுபவர், நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக எழும்போது அதை மாட்டிப் பட்டைகளை இறுக்கிக்கொண்டு நடப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். விழுந்துவிடுவோம் என்ற அவரது அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. மறு காலின் செருப்பை அதே உயரத்துக்கு ஏற்றிக் கொடுப்பது தடுமாற்றத்தை ஓரளவாவது குறைக்கும்; எளிய இந்த வேலை பல நேரங்களில் மறக்கப்படுகிறது.

கட்டு எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்வதற்கில்லை. கடுமையான தொற்றோ கடுமையான இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால், புண்ணை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்பதால் கழற்ற முடியாத கட்டு கூடாது. சரியாகப் போடாவிட்டால் கட்டே புதிய புண்ணை உண்டாக்கும். கைதேர்ந்தவர் வேண்டும், ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். குளியலும் உறக்கமும் சிரமம், வண்டி ஓட்ட இயலாது. நரம்பு பாதிப்பால் உள்ளங்காலில் வந்த புண்ணுக்கு இதையே முதல் தேர்வாகப் பன்னாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தும், 2008இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில் பெரும்பாலான புண்களுக்கு இதைப் பயன்படுத்திய மையங்கள் 1.7 சதவீதம் மட்டுமே. சொன்னதைக் கேட்காதவர்கள் நோயாளிகள் மட்டுமல்லர் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தொற்றும் இரத்த ஓட்டமும் இடம் கொடுக்குமானால், என் தேர்வு கழற்ற முடியாததே. கைதேர்ந்தவர் இல்லாத இடத்தில், வாக்கரை நாடா சுற்றிப் பூட்டிவிடுவது ஏறத்தாழ அதே பலனைத் தரும். தினமும் புண்ணைப் பார்த்தாக வேண்டியவருக்கும், விழும் அபாயம் மிகுந்தவருக்கும் கழற்றக்கூடியதே பொருந்தும், அவரிடம் “ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று கேட்பதைவிட, எந்தெந்த நேரத்தில் கழற்றுகிறார் என்று கேட்பது பயன் தரும்.

புண் ஆறிய பின் இதே சிக்கல் சிறப்புக் காலணியில் தொடர்கிறது. ஆறியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது என்பதால் இதை அற்பமாகக் கருத முடியாது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், வெளியே வைத்த அடிகளில் 87 சதவீதமும், வீட்டில் வைத்தவற்றில் 61 சதவீதமும் அளவெடுத்துச் செய்த காலணியோடு வைத்தவை. அவர்கள் நடந்ததோ வீட்டுக்குள்தான் அதிகம். எனவே ஒரு ஜோடி மட்டுமே வாங்கித் தர முடியும் என்றால், அது வீட்டுக்குள் அணியத்தக்க எடை குறைந்த ஜோடியாக இருப்பதே நல்லது.